நோயைப் பார்த்த தலைமுறை, ஊசியை மட்டும் பார்த்த தலைமுறை

2012 நவம்பரில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள ஸ்வான்சீ நகரைச் சுற்றித் தட்டம்மை பரவத் தொடங்கியது. அடுத்த ஜூலையில் அது அடங்குவதற்குள் 1,200 பேருக்கு மேல் நோய் கண்டதாகப் பதிவானது. 88 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. 25 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். தட்டம்மையைச் சின்னக் குழந்தைகளின் நோயாகவே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். ஸ்வான்சீயில் அதிகம் அவதிப்பட்டவர்களோ மீசை அரும்பும் வயதுப் பிள்ளைகள். 10 முதல் 18 வயதுக்குள் இருந்த பள்ளி மாணவர்கள்.

கிருமி வயது பார்த்து வருவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பொதுவாக இருந்தது அவர்கள் பிறந்த காலம்தான். 1997இல் ஸ்வான்சீ வட்டாரத்தின் மாலை நாளிதழான சவுத் வேல்ஸ் ஈவினிங் போஸ்ட், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடப்படும் எம்எம்ஆர் தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோரின் அச்சங்களைத் தொடர்ந்து வெளியிட்டது. வேல்ஸின் மற்றப் பகுதிகளில் எம்எம்ஆர் போடுவது 2.4 சதவீதம் குறைந்த காலத்தில், அந்த நாளிதழ் விற்பனையான பகுதியில் 13.6 சதவீதம் குறைந்தது என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து லான்செட் இதழில் எழுதிய கட்டுரை எம்எம்ஆரையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டது. பீதி நாடு முழுவதும் பரவியது. 1990களின் நடுவில் இங்கிலாந்தில் 92 சதவீதமாக இருந்த எம்எம்ஆர் அளவு 2003-04இல் 80 சதவீதத்துக்கு இறங்கியது. லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றதும், வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதும் 2010இல்தான்.

அதாவது, வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் 1990களின் பெற்றோர்கள். ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்துக் காய்ச்சலில் படுத்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். தடுப்பூசியைப் பற்றிய உளவியலில் பெரும்பாலும் கவனிக்கப்படாத உண்மை இது. முடிவெடுக்கும் தலைமுறை ஒன்று, பலனையோ பாதிப்பையோ அனுபவிக்கும் தலைமுறை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஆண்டுகளில்தான் பயமும் மறதியும் நம்பிக்கையும் வேலை செய்கின்றன.

சும்மா கிடந்த சங்கு

அந்தப் பெற்றோர்கள் பிள்ளைகள்மீது அக்கறை இல்லாதவர்களா? அக்கறை மிகுந்ததால்தான் தயங்கினார்கள். இதைப் புரிந்துகொள்ள இன்னும் பின்னோக்கிப் போகலாம்.

1736இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகன் ஃபிரான்சிஸ் பெரியம்மையில் இறந்தான். அவனுக்கு 4 வயது. தடுப்பூசி என்ற ஒன்று வர இன்னும் 60 ஆண்டுகள் இருந்தன. அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததைச் சிறிய அளவில் தோலுக்குள் ஏற்றும் பழைய முறை மட்டும் அன்று உண்டு. அதிலும் சிலர் இறந்தார்கள். ஆனால் தானாக வரும் அம்மையில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஃபிராங்க்ளின் அந்த முறையை வெளிப்படையாக ஆதரித்தவர். மகனுக்கு வேறொரு நோய் கண்டிருந்ததால் அது தேறட்டும் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் அம்மை வந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்துத் தன் வரலாற்றில் அவர் இதை எழுதியபோது, தாங்கள் ஏற்றிய மருந்தால் பிள்ளை செத்தால் காலமெல்லாம் மன்னித்துக்கொள்ள முடியாதே என்று பயந்து ஒதுங்கும் பெற்றோருக்காகவே எழுதுவதாகச் சொன்னார். எந்தப் பக்கம் போனாலும் வருத்தம் ஒன்றுதான். ஆகவே ஆபத்து குறைந்த பக்கம் போங்கள் என்பது அவருடைய வாதம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். நாம் ஒன்றைச் செய்து அதனால் கேடு வந்தால் பழி நம்முடையது. செய்யாமல் இருந்து கேடு வந்தால் அது விதி. உளவியலாளர்கள் இலானா ரிட்டோவும் ஜோனத்தன் பேரனும் 1990இல் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். ஒரு காய்ச்சல் பரவுகிறது, 10,000 குழந்தைகளில் 10 பேரைக் கொல்லும். தடுப்பூசி அந்த மரணத்தைத் தடுக்கும், ஆனால் தடுப்பூசியாலேயே சில குழந்தைகள் இறக்கக்கூடும். எத்தனை வரை ஏற்றுக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். பத்துக்குக் குறைவாக இருந்தாலே ஊசி லாபம்தான். ஆனால் பலர், தடுப்பூசியின் ஆபத்து நோயின் ஆபத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தபோதும் சம்மதிக்கவில்லை. சிலர் ஒரு மரணத்தைக்கூட ஏற்கவில்லை. கணக்குத் தெரியாததால் வந்த பிழை என்று இதைச் சொல்லிவிட முடியாது. கை வைத்த பழியை மனம் தனித் தராசில் நிறுத்துகிறது.

இந்தத் தராசு எல்லாத் தலைமுறைக்கும் ஒன்றுதான். தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது எதிர்த்தட்டில் வைக்கப்படும் நோயின் எடை.

இரண்டு பீதிகள்

1955ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததையும் 1998க்குப் பிறகு பிரிட்டனில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

1955 ஏப்ரல் 12 அன்று ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி பலனளிக்கிறது என்று அறிவிக்கப்பட்டது. தேவாலயங்களில் மணி அடித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே பேரிடி. கலிஃபோர்னியாவின் கட்டர் ஆய்வகம் தயாரித்த சில தொகுதிகளில் கிருமி முழுதாகச் செயலிழக்கவில்லை. தடுப்பூசியே போலியோவைக் கொடுத்தது. ஊசி போட்ட குழந்தைகளும் அவர்களிடமிருந்து தொற்றியவர்களுமாக ஏறத்தாழ 200 பேர் வாதத்தில் விழுந்தார்கள். 10 பேர் இறந்தார்கள். இது வதந்தி இல்லை, நிஜம். அரசு திட்டத்தை நிறுத்தி, தொழிற்சாலைகளைச் சோதித்து, விதிகளை இறுக்கிவிட்டு மறுபடி தொடங்கியது. பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்ப வந்தார்கள்.

ஏன்? மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1952இல் மட்டும் அந்த நாட்டில் ஏறத்தாழ 58,000 பேருக்குப் போலியோ வந்திருந்தது. கோடை வந்தால் நீச்சல் குளங்களை மூடினார்கள். இரும்பு நுரையீரல் என்ற உருளைக்குள் கழுத்து மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்த பிள்ளைகளின் படங்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள். எதிர்த்தட்டு அவ்வளவு கனத்தது.

1998இன் பிரிட்டிஷ் தாய்க்கு அந்தக் காட்சிகள் இல்லை. எம்எம்ஆர் 1988இலேயே வந்துவிட்டது. தட்டம்மைக்குத் தனி ஊசி அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே இருந்தது. தட்டம்மையில் மூளை வீங்கிய குழந்தையை அவள் பார்த்ததில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பார்த்திருப்பாள். எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும் என்று 1973இல் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் காட்டியது இங்கே அப்படியே பொருந்துகிறது. 1955இல் நிஜமான தீங்கு பெற்றோரை விரட்டவில்லை. 1998இல் இல்லாத தீங்கு விரட்டியது. தடுப்பூசி தன் வெற்றியாலேயே தன் தேவையை மறைத்துவிடுகிறது.

யுனிசெஃப் 2023இல் வெளியிட்ட அறிக்கையும் இந்தத் திசையில்தான் பேசுகிறது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி முக்கியம் என்ற எண்ணம், ஆராய்ந்த 55 நாடுகளில் 52இல் கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் சரிந்திருந்தது. சீனா, இந்தியா, மெக்சிகோ மூன்றில் மட்டும் அது குலையவில்லை. நம்பிக்கை குறைந்ததாகச் சொன்னவர்களில் 35 வயதுக்கு உட்பட்டவர்களும் பெண்களும் அதிகம். கைக்குழந்தையை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வயதினர் இவர்கள்தான்.

பார்த்தவர்களும் மறுத்தார்கள்

அப்படியானால் நோயைக் கண்ணால் பார்த்த பழைய தலைமுறை ஓடிவந்து கையை நீட்டியதா? அதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் பெரியம்மையைப் பார்க்காத குடும்பம் இருந்திருக்காது. ஆனால் வீட்டுக்குள் வந்தது நோய் இல்லை, மாரியம்மன். வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை வீட்டில் தாளிப்பு இல்லாமல், அவளைக் குளிர்வித்து அனுப்பிவைக்கும் முறை ஒவ்வொரு பாட்டிக்கும் தெரியும். அம்மை குத்த வந்த அரசு ஊழியரைக் கண்டு பிள்ளைகளை ஒளித்துவைத்த வீடுகளும் உண்டு. ஆத்தா வந்திருக்கும் நேரத்தில் ஊசியால் குத்தி அவள் கோபத்தைக் கிளறுவானேன் என்பதில் ஒரு தர்க்கம் இருந்தது. நோயின் கொடுமை தெரியாத பேச்சு இல்லை அது. நோய்க்கு ஏற்கெனவே ஒரு விளக்கமும் ஒரு ஒழுங்கும் இருந்தன. ஊசி அதற்குள் பொருந்தவில்லை.

படித்தவர்களும் விலக்கில்லை. 1955இல், சென்னை மாநில முதல்வர் பதவியிலிருந்து விலகிய மறு ஆண்டு, ராஜாஜி காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கித் தனிச் சிறுநூலே வெளியிட்டார். 76 வயதில், காசநோய் குடும்பம் குடும்பமாக அழித்ததை வாழ்நாள் முழுக்கக் கண்டவர் அவர். நல்ல உடம்போடு இருக்கும் லட்சக்கணக்கான குழந்தைகளுக்குக் கிருமியை, வலுவிழந்ததாகவே இருந்தாலும், அரசு கூட்டம் கூட்டமாக ஏற்றலாமா என்பதே அவருடைய கவலை. அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பில் சென்னை மாநிலத்தில் இயக்கம் தடுமாறியது.

ஆக, நோயின் நினைவு தேவை. அது மட்டும் போதாது. ஊசியை நீட்டும் கை யாருடையது, அதை நம்பலாமா என்ற கேள்வி கூடவே வரும். உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து பிள்ளை பெறாமல் செய்துவிடும் என்ற வதந்தி ஆண்டுக்கணக்கில் உலவியது. அதே வட்டாரத்தில் 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் அரசே ஆட்களைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்திருந்தது. கேட்டவர்களுக்கு அது வதந்தியாகப் படவில்லை. அப்பா பட்டதன் தொடர்ச்சியாகப் பட்டது. நோயின் நினைவு ஒரு தலைமுறையோடு மங்கிவிடுகிறது. ஏமாற்றப்பட்ட நினைவு பேரன் வரை வருகிறது. உள்ளூர் இமாம்களும் பக்கத்துத் தெருப் பெண்களும் வீடுவீடாகப் பேசியபிறகுதான் நிலைமை மாறியது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ யாருக்கும் வரவில்லை.

ஊசிக்குப் பிறகு, ஊசியால்

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். பயப்படாமல் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்காகவே பொதுவில் வந்து போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது என்றும், தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். தேசிய அளவிலான ஆய்வுக் குழுவும் பின்னர் அதையே சொன்னது. தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் அது எடுபடவில்லை. வியாழன் ஊசி, சனி மரணம். இடையில் வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்தியாவில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் மாரடைப்பில் இறக்கிறார்கள். அந்த ஏப்ரலில் நாள்தோறும் லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் எங்காவது குறுக்கிடத்தான் செய்யும். ஆனால் ஒன்றை அடுத்து ஒன்று வந்தால் முன்னதுதான் காரணம் என்று முடிவுகட்டும் பழக்கம் மனிதனைப் பிழைக்கவைத்த பழக்கம். புது இலையைத் தின்று வயிறு வலித்தவன் புள்ளிவிவரம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஊசியை எதிர்பார்க்கும் மனமே உடம்பை வருத்துவதும் உண்டு. கொரோனா தடுப்பூசிச் சோதனைகளில் மருந்தே இல்லாத வெறும் ஊசி போடப்பட்டவர்களில் சுமார் 35 சதவீதம் பேர், முதல் ஊசிக்குப் பிறகு தலைவலி, அசதி போன்ற உபாதைகளைச் சொன்னார்கள். நொசிபோ விளைவு என்று இதற்குப் பெயர்.

சந்தேகம் பிறக்கும்போது அரசு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அடுத்த பத்தாண்டைத் தீர்மானிக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அன்றே நான்கு கைக்குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் கிராமத்துக்கே வந்து செவிலியர் ஊசி போடும் ஏற்பாடு நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாறியது. எச்சரிக்கையான முடிவுதான். ஆனால் தாய்க்கு அது அரைநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முழுமையாகத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7 சதவீதம், 2019-21இல் 89.2 சதவீதம். நடுவில் விழுந்த பள்ளத்துக்குக் காரணம் ஒன்றல்ல. என்றாலும் பயமும் தூரமும் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஜப்பானின் அனுபவம் இதைவிடக் கடுமை. 1975இல் இரண்டு குழந்தைகள் இறந்ததையடுத்து அங்கே கக்குவான் இருமல் தடுப்பூசி நிறுத்திவைக்கப்பட்டது. 80 சதவீத அளவில் இருந்த தடுப்பூசி அடுத்த ஆண்டு 10 சதவீதத்துக்கு விழுந்தது. 1979இல் 13,000 பேருக்குக் கக்குவான் வந்து 41 பேர் இறந்தார்கள். ஊசிக்குப் பிறகு வந்த மரணத்துக்கு முகம் இருந்தது. ஊசி இல்லாததால் வந்த மரணங்கள் எண்ணாகவே நின்றுவிட்டன.

இடைப்பட்ட வயது

பதின்வயதினருக்குத் தடுப்பூசி போடுவது தனிக் கலை. கைக்குழந்தையைப் போல் தூக்கிப் போய்விட முடியாது. பெரியவர்களைப் போல் அவர்களாக வரவும் மாட்டார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை ஊசிக்கே பயப்படுகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. வயது ஏற ஏற அந்தப் பயம் குறைகிறது. அம்மா அப்பாவின் பேச்சைவிடக் கூட்டாளிகளின் பேச்சுக்கு எடை அதிகமான வயதும் இதுதான். 1956இல் அமெரிக்க இளைஞர்கள் போலியோ ஊசியைக் குழந்தைகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கியபோது, 21 வயது எல்விஸ் பிரெஸ்லியை நியூயார்க்கில் பத்திரிகையாளர்கள் முன் சட்டைக் கையைச் சுருட்டவைத்தார்கள். மாணவர்களையே கொண்டு பிரச்சாரக் குழுக்களும் அமைக்கப்பட்டன.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி இந்த வயதில்தான் போடப்படுகிறது. பயன் தெரிய இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். ஜப்பான் 2013 ஏப்ரலில் இதை வழக்கமான தடுப்பூசிகளில் சேர்த்தது. சில சிறுமிகளுக்கு வலியும் நடுக்கமும் வந்ததாகத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. ஜூன் மாதமே அரசு, தடுப்பூசியைத் தடை செய்யாமல், போட்டுக்கொள்ளுங்கள் என்று முனைந்து பரிந்துரைப்பதை மட்டும் நிறுத்தியது. ஊசி இலவசமாகவே கிடைத்தது. அழைப்பு மட்டும் வரவில்லை. 1990களின் பிற்பகுதியில் பிறந்த பெண்களில் 70 சதவீத அளவில் இருந்தது, 2000க்குப் பிறகு பிறந்தவர்களிடம் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. பரிந்துரை திரும்ப வந்தது 2022 ஏப்ரலில். அதற்கு முன்பே, 2020இல் ஓர் ஆய்வு, அதுவரை ஊசி குறைந்ததாலேயே ஐயாயிரம் பெண்களுக்கு மேல் கூடுதலாக இறக்க நேரிடும் என்று மதிப்பிட்டது. அக்காவுக்கு ஒரு விதி, தங்கைக்கு ஒரு விதி.

எனக்கு எதுக்குப்பா?

2021இல் தமிழ்நாட்டின் சுகாதாரப் பணியாளர்களைக் கேட்டால் முதியவர்களை வரவழைப்பதுதான் பெரும்பாடு என்பார்கள். கொரோனாவால் இறக்கும் ஆபத்து அவர்களுக்கே அதிகம். அவர்கள் சொன்ன பதிலோ, "எனக்கு எதுக்குப்பா ஊசி? போற வயசு. பேரப்புள்ளைங்களுக்குப் போடுங்க." அதில் தியாகம் உண்டு. வீட்டைவிட்டு நான் எங்கே போகிறேன் என்ற நினைப்பு உண்டு. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் விழுங்கும் மாத்திரைகளோடு இதுவும் சேர்ந்தால் ஆகாது என்ற பயமும் உண்டு. இன்னொன்று, துணைக்கு வர ஆள் இல்லை என்பது. அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

2018இல் கார்னெலியா பெட்ஷ் என்ற ஜெர்மன் உளவியலாளரும் அவருடைய குழுவும் தடுப்பூசித் தயக்கத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். தடுப்பூசிமீதும் அமைப்புமீதும் உள்ள நம்பிக்கை, நோயைப் பற்றிய அலட்சியம், நடைமுறைத் தடைகள், லாப நட்டக் கணக்கு, பிறருக்கான பொறுப்புணர்வு. மறுப்பு என்று வெளியே தெரிவது உள்ளே ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் ஞாயிறுதோறும் நடந்த மாபெரும் தடுப்பூசி முகாம்களுக்குச் சிலர் வராததன் காரணத்தை விசாரித்தபோது, ஊசி போட்டால் கறி தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது என்ற நம்பிக்கை வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமையில் இரண்டையும் துறக்க யார் முன்வருவார்? 2021 அக்டோபரில் சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். நம்பிக்கை சரியா தவறா என்று சண்டை போடுவதைவிடக் கிழமையை மாற்றுவது எளிது.

தாத்தாவின் தியாகக் கணக்குக்கு இன்னொரு பதில் ஜப்பானில் இருக்கிறது. 1960களிலிருந்து அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூட்டமாக இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போட்டார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது ஒருபுறம். குளிர்காலத்தில் முதியவர்கள் இறப்பதும் குறைந்தது. ஏறக்குறைய 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர் பிழைத்தது என்று 2001இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. பயன் போதவில்லை என்று கருதி 1994இல் திட்டம் கைவிடப்பட்டது. முதியவர் மரணம் கூடியது. பேரனின் கையில் குத்திய ஊசி பாட்டியைக் காத்துக்கொண்டிருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

மனதை மாற்றுவதா, வழியை மாற்றுவதா?

உண்மையை எடுத்துச் சொன்னால் மக்கள் மாறிவிடுவார்கள் என்று நம்பத்தான் ஆசை. 2014இல் பிரெண்டன் நைஹனும் ஜேசன் ரைஃப்லரும் அமெரிக்கப் பெற்றோர் 1,759 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். எம்எம்ஆரால் ஆட்டிசம் வராது என்ற தகவல் பலருடைய தவறான நம்பிக்கையைத் திருத்தியது. ஆனால் முன்பே தடுப்பூசியை வெறுத்தவர்களிடம் போடும் எண்ணம் இன்னும் குறைந்தது. ஒரு காரணம் போனால் இன்னொன்று கிடைக்காமலா போகும்?

எளிய மாற்றங்கள் கூடுதலாகப் பலித்திருக்கின்றன. அமெரிக்க மருத்துவர்களின் உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்த ஓர் ஆய்வில், இன்று என்ன ஊசி போடலாம் என்று கேட்ட இடத்தில் 83 சதவீதப் பெற்றோர் தயங்கினார்கள். இன்று இந்த ஊசிகள் இருக்கின்றன என்று இயல்பாகத் தொடங்கிய இடத்தில் 26 சதவீதம்தான். இன்ஃப்ளுயன்சா ஊசிக்கு எந்த நாள், எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று ஒரு நிறுவனத்தின் ஊழியர்களை எழுதிவைக்கச் சொன்னதே 33 சதவீதத்தை 37 ஆக்கியது. 2017இல் நோயல் ப்ரூவரும் சக ஆய்வாளர்களும் இத்துறை ஆய்வுகளை மொத்தமாக அலசி, எண்ணங்களையும் உணர்வுகளையும் மாற்ற முயன்றதைவிட, ஏற்கெனவே உள்ள நல்லெண்ணத்தைச் செயலாக்க நினைவூட்டியதும் தடைகளை நீக்கியதுமே அதிகம் உதவின என்று முடிவுக்கு வந்தார்கள்.

நம்பிக்கையே உடைந்த இடத்தில் நினைவூட்டல் போதாது. அயர்லாந்தில் எச்பிவி ஊசி 87 சதவீதத்திலிருந்து இரண்டே ஆண்டுகளில் 50 சதவீத அளவுக்கு விழுந்தது. மருத்துவர்களும் பள்ளிகளும் பெற்றோர் அமைப்புகளும் கைகோத்தார்கள். லாரா பிரெனன் என்ற இளம்பெண் கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் முன்வந்து பேசினார். 2019இல், 26 வயதில் இறக்கும்வரை பேசினார். தாய்மார்கள் பார்த்திராத நோய்க்கு அவர் ஒரு முகம் கொடுத்தார். அளவு மறுபடி ஏறியது.

கையெழுத்து யாருடையது?

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசித் திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்த ஊசிக்கு இந்தியாவில் ஏற்கெனவே ஒரு கசப்பு உண்டு. 2009-10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடந்த முன்னோட்டத் திட்டம், ஏழு சிறுமிகள் இறந்த செய்திக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் படிவங்களில் பல இடங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசியில் பிழை இல்லாவிட்டாலும் கேட்ட விதத்தில் பிழை இருந்தது. மக்கள் மனதில் தங்கியது அந்தப் பிழைதான்.

பதினான்கு வயதுப் பெண்ணின் படிவத்தில் அம்மாவோ அப்பாவோ கையெழுத்திடுவார்கள். ஆனால் இது எதற்கு, வலித்தால் என்ன செய்வது, மயக்கம் வந்தால் பயப்பட வேண்டுமா, எத்தனை ஆண்டு கழித்து இதன் பலன் என்று அவளிடமே உட்கார்ந்து சொல்லப் பத்து நிமிடம் போதும். புற்றுநோய் வரும் வயதில் பாதுகாப்பு அவளுடையது என்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவள் கையில் ஒரு குழந்தை இருக்கலாம். அன்று கைபேசியில் எந்த வதந்தி வந்தாலும், ஊசியைப் பற்றி அவள் முதலில் நினைத்துப் பார்ப்பது பள்ளியில் தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதைத்தான். பார்க்காத நோயின் பயத்தை அவளுக்குள் யாராலும் ஏற்ற முடியாது. தன்னை மதித்துச் சொன்னார்கள் என்ற நினைவை ஏற்ற முடியும். அடுத்த தலைமுறையின் தடுப்பூசி அளவை இன்றைக்கே தீர்மானிக்கும் இடம் அந்த வகுப்பறை.